குறையும் தண்ணீர் எங்கே போகிறது?

கடை லாச்சியில் நாள்தோறும் நூறு ரூபாய் குறைந்துகொண்டே வந்தால் எந்த வியாபாரியும் அதைச் சும்மா விடமாட்டார். பில் புத்தகத்தைப் புரட்டுவார், கடைப் பையன்களை விசாரிப்பார், கையிருப்பை எண்ணிப் பார்ப்பார். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அவருக்கு நித்திரை வராது. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து லாச்சியில் போட்டுவிட்டு, "சரி, கணக்கு நேராகிவிட்டது" என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார்.

ஆனால் அதே வியாபாரி தனது சிறிய காரின் ரேடியேட்டரில் வாரத்துக்கு அரைப் போத்தல் தண்ணீர் குறையும்போது இதைத்தான் செய்கிறார். வீதியோரப் பீலியில் போத்தலை நிரப்புகிறார், ஊற்றுகிறார், மூடியை இறுக்குகிறார், போகிறார். அடுத்த வாரமும் அதுவே. இப்படி மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டே ஓட்டுபவர்களை ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை நான் தினமும் காண்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் இந்தப் பத்தியில் இம்முறை வட்டி, வரி, விலைவாசி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கார் ரேடியேட்டரைப் பற்றி எழுதுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றே. தண்ணீர் ஊற்றுவது திருத்த வேலை அல்ல. குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று கண்டுபிடிப்பதே திருத்த வேலையின் ஆரம்பம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மலையகத்துச் சிறு வியாபாரிக்கு கார் ஓர் ஆடம்பரமல்ல. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும் அதே காரில்தான். பின் ஆசனத்தை மடித்துவிட்டு புறக்கோட்டையிலிருந்து புடவைக் கட்டும் செருப்புப் பெட்டியும் ஏற்றி வருவதும் அதே காரில்தான். தோட்டங்களுக்குக் கடன் வசூலுக்குப் போவதும் அதில்தான். கடைக்கு அடுத்தபடியாக அவரிடமுள்ள பெரிய மூலதனம் அது.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய வாகனம் நாட்டுக்குள் வரவில்லை. திறந்த பிறகும் வரிச்சுமை காரணமாக ஒரு சிறிய கார்கூட சாதாரண வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய அல்ட்டோவும், வெகன் ஆரும், விட்ஸும், அக்வாவும் இன்னும் எமது குடும்பங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன. இந்த வயதில்தான் இறப்பர் ஹோஸ் இறுகி வெடிக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி உலர்ந்து கீறல் விடும். வாட்டர் பம்பின் சீல் தேயும். ஒரே காலத்தில் வாங்கிய வாகனங்கள் ஒரே காலத்தில் முதுமை அடைந்திருக்கின்றன. எனவே இது ஒருவருடைய காரின் பிரச்சினை மாத்திரமல்ல, எம்மில் பலருடைய மூலதனத்தின் பிரச்சினை.

தண்ணீர் குடிக்காத கார்

கார் என்றால் தண்ணீர் குடிக்கும் என்ற எண்ணம் எமக்கு முன்னோர் வழியாக வந்தது. அது ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. 1888 இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தமது கணவர் கார்ல் பென்ஸ் தயாரித்த மோட்டார் வண்டியில் தமது இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோ மீற்றருக்கும் அதிகமான தூரம் சென்றார். உலகில் காரில் செய்யப்பட்ட முதலாவது நீண்ட பயணம் என்று அதைச் சொல்வார்கள். அந்த வண்டியின் என்ஜின் தண்ணீரை ஆவியாக்கித்தான் தன் சூட்டைத் தணித்தது. ஆகவே வழிநெடுகத் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. ஏற்றங்களில் மகன்மார் இறங்கித் தள்ளினார்கள்.

எமது தந்தையர் ஓட்டிய மொரிஸ் மைனர் அந்த நிலையைத் தாண்டிவிட்டது என்றாலும், ரம்பொடை ஏற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் பார்ப்பது அன்று வழக்கமாக இருந்தது. அதன் என்ஜின் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். வெறும் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓடினாலும் அது பொறுத்துக்கொண்டது.

இன்றைய சிறிய கார் வேறு சாதி. என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம், அதன் இரு தாங்கிகளும் பிளாஸ்டிக். உள்ளே ஓடும் குழாய்கள் மிக ஒடுக்கமானவை. முழுத் தொகுதியும் காற்றுப் புகாதபடி மூடப்பட்டது. சூடேறும்போது பெருகும் கூலன்ட் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தாங்கிக்குப் போகும். ஆறும்போது அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படும். வருடம் முழுவதும் ஓடினாலும் அளவு குறிப்பிடத்தக்க வகையில் குறையக் கூடாது. குறைகிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது. "கார் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்தானே" என்று எந்த கராஜ் பாஸ் சொன்னாலும், அது மொரிஸ் மைனர் காலத்துப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் நடப்பது என்ன?

அவிசாவளையில் புறப்படும் கார் கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏறி ஹட்டனை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. தலவாக்கலை, நானுஓயா தாண்டி நுவரெலியாவை அடையும்போது உயரம் 1,868 மீற்றர். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். காற்றழுத்தம் குறையக் குறைய தண்ணீர் சீக்கிரமாகக் கொதிக்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் பருப்பு வேக நேரமாவது இதனால்தான். பிரஷர் குக்கர் வைத்திருக்கும் வீட்டில் இந்தக் கஷ்டம் இல்லை.

காரின் ரேடியேட்டரும் ஒரு பிரஷர் குக்கர்தான். அதன் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அந்த அழுத்தம் வரை மூடி திறக்காது என்பது அதன் பொருள். அந்த அழுத்தம் உள்ளே நிற்கும் வரை கொதிநிலை சுமார் 20 பாகை மேலே தள்ளப்படுகிறது. நல்ல கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில பாகை கூடும். ஆகவே குளிர் நுவரெலியாவிலும் 120 பாகை அளவு வரை அது கொதிக்காமல் தாங்கும்.

இப்போது ஒரு சிறு கசிவை நினைத்துப் பாருங்கள். போகும் தண்ணீர் ஒரு தேக்கரண்டிதான். ஆனால் அந்த வழியாக அழுத்தமும் போய்விடுகிறது. அழுத்தம் போனால் கொதிநிலை 94 பாகைக்கு இறங்குகிறது. சாதாரணமாக ஓடும் என்ஜினின் வெப்பமே 90 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டாம் கியரில், ஆளும் சாமானும் ஏற்றி, முன்னால் போகும் லொறியின் பின்னால் ஊர்ந்து ஏறும்போது மிச்சமிருக்கும் நாலு பாகையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? கொழும்பில் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும் கசிவு கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரே நாளில் வெளிப்படுவதன் இரகசியம் இதுதான். "இங்கே குளிர்தானே, என்ஜின் சூடாகாது" என்று மலையகத்தில் சொல்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கசிவைத் தேட பெரிய படிப்பு வேண்டியதில்லை. காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, போனட்டைத் திறந்து பிளாஸ்டிக் தாங்கியின் இரண்டு கோடுகளுக்கு இடையே மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மாக்கர் பேனையால் கோடு போட்டு அருகில் திகதியை எழுதுங்கள். இது பேரேட்டில் ஆரம்ப இருப்பை எழுதுவது போன்றது. இரவில் காரின் கீழே ஒரு வெள்ளைக் கடுதாசி மட்டையை விரித்து வையுங்கள். காலையில் மட்டையில் விழுந்த துளியின் நிறமும் இடமும் உங்களுக்குப் பாதி விடயத்தைச் சொல்லிவிடும். ஏ.சி. போட்டு ஓடிய காரின் கீழே சொட்டும் நிறமற்ற, வாடையற்ற நீர் பயப்படவேண்டியதல்ல. கிரீம் சோடா போல் பச்சையாகவோ, நெக்டோ போல் சிவப்பாகவோ, விரலில் வழுக்குவதாகவோ இருந்தால் அது கூலன்ட்.

முதலில் மலிவான இடங்களைப் பாருங்கள். ஹோஸ் பொருந்தும் இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் அங்கே கிளிப் தளர்ந்திருக்கிறது. ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சாக நைந்திருந்தாலும் மாற்றவேண்டியதுதான். மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிய மூடி போடுங்கள், ஆனால் பழையதில் இருந்த அதே எண்ணுள்ள மூடியாக இருக்கட்டும். அடுத்து ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு. அதன்பின் வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்ததை அறிவிக்கவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து சொட்டினால் துளையை அடைக்காதீர்கள், பம்பை மாற்றுங்கள்.

ஹீட்டர் உள்ள கார்களில் கசிவு காருக்கு உள்ளேயும் நடக்கலாம். கால் வைக்கும் விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை வீசி, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பசையுள்ள புகார் படியும். நுவரெலியாவில் கண்ணாடியில் புகார் படிவது வழக்கம் என்பதால் இதைப் பலர் கவனிப்பதில்லை. துணியால் துடைத்ததும் தெளிந்துவிட்டால் அது பனி. இழுபட்டுப் பசையாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

வெளியே ஒரு துளியும் இல்லை, ஆனால் மட்டம் மட்டும் குறைகிறது என்றால் அதுதான் கவலைக்குரியது. கூலன்ட் என்ஜினுக்குள் போகிறதா என்று பார்க்கவேண்டும். ஹெட் கெஸ்கட் விட்டிருந்தால் புகைக்குழாயில் வெண்புகை வரும், ஒயில் பால் தேநீர் நிறமாக மாறும் என்பது பொதுவான பேச்சு. அது சரிதான். ஆனாலும் எமது குளிரில் ஓர் எச்சரிக்கை தேவை. காலையில் எந்தக் காரும் சற்று நேரம் வெண்புகை விடும். வீட்டிலிருந்து கடைக்கு மட்டும் ஓடும் காரின் ஒயில் மூடிக்கடியில் ஈரம் சேர்ந்து இளம் நுரை படிவதும் உண்டு. இவற்றைக் காட்டி, "ஹெட் கழற்ற வேண்டும்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடான பின்னும் வெண்புகை நிற்கிறதா, ஒயில் அளவுகோலிலும் அந்த நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. எரிவாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வேலைக்குச் சம்மதிப்பது, சாமானைப் பார்க்காமல் காசு கொடுப்பதற்குச் சமம்.

ஊற்றிய தண்ணீரின் கணக்கு

"பீலித் தண்ணீர் சுத்தமானதுதானே, ஊற்றினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மலைநாட்டுத் தண்ணீர் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப்போலவோ அநுராதபுரத்து நீரைப்போலவோ கடினமானதல்ல. உப்புப் படிவது குறைவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு சிறிய காரின் குளிரூட்டும் தொகுதியில் 4 லீற்றர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி கூலன்ட், பாதி தண்ணீர். அதாவது 50 வீதம். ஒரு லீற்றர் கசிந்து, அந்த இடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றினால் கூலன்டின் பங்கு 37.5 வீதமாகிறது. இரண்டாம் முறை 28. மூன்றாம் முறை 21. நான்காம் முறை 16. நாலு லீற்றர் தண்ணீர் ஊற்றியதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கூலன்ட் போய்விட்டது. பாலில் தண்ணீர் கலப்பவரை நாம் என்ன சொல்லுவோம்?

"இங்கே என்ன ஐஸா உறைகிறது, எதற்குக் கூலன்ட்?" என்பது அடுத்த கேள்வி. தை, மாசியில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி விழுவதைத் தவிர எமக்கு அந்தப் பயம் இல்லைதான். ஆனால் கூலன்ட் அதற்கு மட்டும் வந்ததல்ல. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும், பம்பின் சீலைப் பாதுகாப்பதும் அதிலுள்ள இரசாயனங்களின் வேலை. அவை கரைந்து போனபின் உள்ளே அரிப்பு ஆரம்பிக்கிறது. இன்று ஒரு கிளிப்பில் இருந்த கசிவு நாளை ரேடியேட்டரிலும், பம்பிலும், கெஸ்கட்டிலும் புதிய வாசல் திறக்கிறது. ஒரு கிளிப் சில நூறு ரூபாய். ஒரு ஹோஸ் சில ஆயிரம். ஹெட் கெஸ்கட் வேலை என்று வந்துவிட்டால் அந்த மாத இலாபம் போதாது, காரில்லாமல் கடை பட்ட நட்டம் வேறு.

மஞ்சள் தூள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் விற்கும் அடைப்புத் தூள் என்று கைவைத்தியங்கள் பல இருக்கின்றன. நடுவழியில் வேறு கதியில்லாதபோது வீடு வந்து சேர உதவினால் உதவட்டும். ஆனால் கசிவை அடைக்கும் பொருளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஒடுக்கமான நல்ல குழாய்களையும் அது அடைத்துவிடும். அதேபோல, சூடேறுகிறது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வைத்தியமல்ல. எமது குளிரில் தேர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி, பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்வா போன்ற கார்களில் என்ஜினுக்கு ஒரு கூலன்ட் தாங்கியும், இன்வேட்டருக்கு வேறொரு தாங்கியும் இருக்கின்றன. இரண்டையும் பாருங்கள். அவற்றின் என்ஜின் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட்டைத் தேடும் பாஸிடம் அந்தக் காரைக் கொடுக்காதீர்கள்.

ஏற்றத்தில் சூடேறினால்

பல ஜப்பானியச் சிறிய கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை. குளிராக இருக்கும்போது நீல விளக்கு, கொதிக்கும்போது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் "அடுத்த டவுன் வரை போய்விடலாம்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முள் உள்ள காரிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. கூலன்ட் முழுவதும் போய்விட்டால் வெப்பத்தை அளக்கும் கருவி வெறுங்காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கியும் காட்டலாம். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடைய வேண்டாம்.

ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், அது கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும். பாதுகாப்பான அகலமான இடத்தில், வளைவுக்கு அப்பால், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் 110 பாகைக் கொதிநீர் மூடி திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேலாகப் பொறுத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடும் விறைப்பும் போனபின் தடித்த துணியால் மூடியை மெதுவாகத் திறக்கலாம். கொதிக்கும் என்ஜினின் மேலோ உள்ளேயோ குளிர்ந்த பீலித் தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் வளையும் அல்லது வெடிக்கும். ஆறியபின், வேறெதுவும் இல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கராஜுக்குப் போகலாம். அன்று ஊற்றிய தண்ணீர் கடனாக வாங்கியது என்று நினைத்து, கசிவைத் திருத்திய அன்றே முழுவதையும் வடித்துப் புதிய கூலன்ட் நிரப்பவேண்டும்.

நான் அறிந்த ஒரு புடவை வியாபாரி மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியே ஓட்டிக்கொண்டிருந்தார். பெருநாள் சாமான் ஏற்றி வந்த இரவில் கார் நின்றது. லொறி பிடித்து சாமானை இறக்கிய கூலி, காரை இழுத்துவந்த கூலி, ஹெட் வேலை, பெருநாள் வாரத்தில் கடைக்குச் சாமான் தாமதமாக வந்ததால் போன வியாபாரம் எல்லாவற்றையும் அவர் என்னிடம் ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். இறுதியில் பழுதாகியிருந்த மூலப்பொருள் எது தெரியுமா? உள்ளங்கை அகலமுள்ள ஒரு இறப்பர் ஹோஸ்.

கராஜும் உதிரிப்பாகக் கடையும்

குற்றம் முழுவதையும் கார்ச் சொந்தக்காரர் மேல் போடுவது நியாயமல்ல. மலையக நகரங்களில் கராஜ் நடத்துபவர்களிலும், உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களிலும் எமது சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு சில விடயங்களைச் சொல்லவேண்டும்.

ரேடியேட்டர் வாயில் பொருத்தி, கையால் காற்றடித்து, அழுத்தம் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. விலை பெரிதல்ல. மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், கசியும் இடம் தானே வெளியே தெரியும். இந்தக் கருவி இல்லாத கராஜ், தராசு இல்லாத பலசரக்குக் கடை மாதிரி. ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதன் செலவை வாடிக்கையாளர் சுமக்கிறார். முதலில் சோதனை, பிறகு எழுத்தில் மதிப்பீடு, பிறகு வேலை, கடைசியில் கழற்றிய பழைய பாகத்தைச் சொந்தக்காரர் கையில் கொடுப்பது. இந்த நாலையும் ஒழுங்காகச் செய்யும் கராஜைத் தேடி வாடிக்கையாளர் அவிசாவளையிலிருந்தும் வருவார்.

கூலன்ட் என்ற பெயரில் வர்ணத் தண்ணீர் விற்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். எமது சந்தை அதற்கு விதிவிலக்கல்ல. நிறம் தரத்துக்கு அடையாளமல்ல. பச்சையும், சிவப்பும், நீலமும் உற்பத்தியாளர் விருப்பத்துக்குச் சேர்க்கும் சாயம் மாத்திரமே. ஒரே நிறம் என்பதற்காக இரண்டு வகையைக் கலப்பதும் தவறு. டின்னில் என்ன இருக்கிறது, அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலந்து ஊற்றுவதா, எந்தக் காருக்கு உகந்தது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத டின்னை இறாக்கையில் வைக்காதீர்கள். கலக்கவேண்டிய வகையாயின் காய்ச்சி வடித்த நீரில் கலக்கும்படி சொல்லிக் கொடுங்கள். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. தனிக் கூலன்ட் சூட்டைக் கடத்துவதில் கலவையைவிட மட்டமானது.

இன்னொன்று. இந்தத் திரவம் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் நாய் பூனையும் குடித்துவிடும் அபாயம் உண்டு. வடித்தெடுத்த கூலன்டை சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும், கராஜுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கொட்டுவதும் பெரிய பாவம். கீழே ஒரு லயத்துப் பிள்ளை அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவுகிறது.

விற்கும்போது

பழைய காருக்கு இன்று நல்ல விலை. கசியும் காருக்கு அடைப்புத் தூள் போட்டு, என்ஜினைக் கழுவி மினுக்கி, ஆறு மாதம் தாங்கினால் போதும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அண்மையில் ஒருவர் எனக்கு ஒரு கார் காட்டினார். ஆறியிருந்த என்ஜினின் மூடியைத் திறந்தேன். உள்ளே துரு நிறத்தில் வெறும் தண்ணீர். பிளாஸ்டிக் தாங்கியில் மட்டும் அழகான புதிய பச்சைக் கூலன்ட். ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரைப் பார்க்கப் போகிறவர்கள் "என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பார்க்கவேண்டிய பல விடயங்கள் ஆறிய என்ஜினில்தான் தெரியும்.

விற்பவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்பது எமக்குத் தெரியாததல்ல. கசிவைத் திருத்தி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் திகதியில் ரேடியேட்டர் மாற்றினேன், இதோ ரசீது" என்று சொல்லி விற்றால் வாங்குபவர் கேட்ட விலையைத் தருவார். மறைத்து விற்றால் அந்தச் செய்தி ஒரு சிறிய டவுனில் எத்தனை நாளில் பரவும் என்பதை உங்கள் அனுபவமே சொல்லும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளால் மலையகப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, ஓடும் நிலையிலுள்ள ஒரு வாகனம் எவ்வளவு பெறுமதி என்பதை நாம் கண்டோம். நோயாளியை ஏற்றுவதற்கும், ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் நம்பிக்கையான கார் தேவைப்பட்டது. அப்படியான நாளில் "தண்ணீர் போத்தல் இருக்கிறதா?" என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே வர்த்தகச் சகோதரர்களே, வீட்டுக்கொரு சிறு கொப்பி வையுங்கள். கூலன்ட் மாற்றிய திகதி, ஓடிய கிலோ மீற்றர், போட்ட வகை, மாற்றிய ஹோஸ் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். மாதமொரு முறை தாங்கியின் மட்டத்தைப் பாருங்கள். பத்து வயது தாண்டிய காராயின், உடையும் வரை காத்திராமல் ஹோஸ்களையும் மூடியையும் மாற்றிவிடுங்கள். கடையில் வருட முடிவில் கையிருப்பு எடுக்கும் அதே வாரத்தில் காரையும் அழுத்தச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். நாளைக் காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன், போனட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால், போத்தலை எடுப்பதற்கு முன் மட்டையைக் கீழே விரியுங்கள்.